ஈர்க்குச்சி நட்சத்திரம்

சென்னையில் டிசம்பர் மாதம் வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நவம்பர் முழுக்க மழை விடுமுறை. போன பாடத்தை ஓட ஓட முடிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும். 2015 வெள்ளத்தில் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப் போனது. 2023-ல் மிக்ஜாம் புயல் டிசம்பர் முதல் வாரத்தை அப்படியே விழுங்கியது. இந்த நெருக்கடிக்கு நடுவில் தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், கிறிஸ்துமஸுக்கு ஏதாவது பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த 'ஏதாவது'தான் நமக்கு வேலை.

நான் வட சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக்கும் முறுக்கும்தான் எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ். அதனால் முதல் வருடம் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். பாரிஸ் கார்னருக்குப் போய் ஆண்டர்சன் தெருவில் சார்ட் பேப்பரும் ஜிகினாத் தாளும் வாங்கினேன். ஒரு பச்சை மரத்தை வெட்டி ஒட்டி, மெடிக்கல் ஷாப் பஞ்சைப் பிய்த்து அதன்மேல் தூவினேன்.

"என்ன மிஸ் இது?" என்றான் ஒரு பையன்.

"பனி."

"பனின்னா கண்ணுக்கே தெரியாதே மிஸ். எங்கம்மா தலையில துண்டு கட்டிட்டுப் போகச் சொல்லும், அதானே?"

அவன் சொன்னது சரி. மார்கழியில் விடியற்காலை வண்டி சீட்டின்மேல் ஈரமாகப் படிவதும் பனி, ஐரோப்பாவில் கூரை மூடக் கொட்டுவதும் பனி. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. பனிப்பொழிவு என்று பாடப் புத்தகத்தில் வரும், யார் வாயிலும் வராது. இயேசு பிறந்த பெத்லகேம் மலைமேல் இருக்கிற ஊர், எழுநூறு மீட்டருக்கும் மேல் உயரம். அங்கே குளிரும், சில வருடங்களில் பனியும் விழும். ஆனால் அட்டைப் படங்களில் நாம் பார்க்கிற பஞ்சுப் பொதி போன்ற பனி ஐரோப்பியக் குளிர்காலத்திலிருந்து வந்தது. இதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் உலக வரைபடத்தை மாட்டி, ஆஸ்திரேலியாவில் டிசம்பரில் கோடைக்காலம், அங்கே கடற்கரையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள் என்று காட்டியபோது, "அப்போ நம்ம மெரினா மாதிரி" என்றார்கள். பஞ்சை எடுத்துவிட்டேன். அது காற்றில் பறந்து பிள்ளைகளுக்குத் தும்மல் வேறு.

இரண்டாம் வருடம் செய்த தப்புதான் பெரிது. சென்னையில் பள்ளி, காலேஜ், ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் டிசம்பரில் நடக்கும் கிறிஸ்மாம், கிறிஸ்சைல்ட் விளையாட்டு தெரியும்தானே? சீட்டு எடுக்க வேண்டும், யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். இருபது ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இருபது ரூபாய் என்றால் எல்லாராலும் முடியும் என்பது என் கணக்கு. பரிசு கொடுக்கிற அன்று ஒரு பையன் வரவில்லை. அவனிடமிருந்து பரிசு வர வேண்டிய பெண் குழந்தை கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் அழுதாள். நான் எதிர்க் கடைக்கு ஓடி ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்து சமாளித்தேன்.

விடுமுறை முடிந்து அவன் அம்மா வந்தார். வீட்டு வேலை செய்கிறவர். "காய்ச்சல்னு லீவு சொல்லியிருந்தேன் மிஸ். காய்ச்சல் எல்லாம் இல்ல. அந்த வாரம் கையில சுத்தமா இல்ல" என்றார். அதோடு விடாமல், "அவன் உங்களைத் தப்பா நினைக்கல மிஸ்" என்று எனக்கே ஆறுதலும் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அந்த விளையாட்டில் காசு கிடையாது. யார் பெயர் வந்ததோ அவருக்குத் தெரியாமல் ஒரு வாரம் ஏதாவது ஒரு வேலை செய்து கொடுக்க வேண்டும். பென்சில் சீவி வைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, கிழிந்த நோட்டுக்கு அட்டை போடுவது. ரகசியம் இரண்டாம் நாளே உடைந்துவிடும், அது வேறு விஷயம். ஒருத்தி தன் கிறிஸ்சைல்டின் பென்சிலை மூன்று நாளில் ஒரு விரற்கடை அளவுக்குச் சீவித் தீர்த்துவிட்டாள். அதற்குப் பஞ்சாயத்து செய்ய வேண்டியிருந்தது.

இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைக்கிற குடில் விஷயத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் எனக்கு குரு. அவர் வீட்டில் குடிலுக்குள் புல்வெளி வேண்டும் என்பதற்காகப் பத்து நாள் முன்பே கேழ்வரகு விதைப்பாராம். எங்கள் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரி போலவேதான். இதை அப்படியே அறிவியல் பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் வீட்டிலிருந்து தேங்காய்ச் சிரட்டை கொண்டு வந்தார்கள். இரவு ஊற வைத்த கேழ்வரகைத் தூவி, பாதியை ஜன்னலோரமும் பாதியைப் பீரோவுக்குள்ளும் வைத்தோம். ஒரு வாரம் கழித்துப் பீரோவைத் திறந்தால், இருட்டில் இருந்தது ஜன்னலில் இருந்ததைவிட உயரம். ஆனால் வெளிறிய மஞ்சள், நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. உயரமாக வளர்ந்ததுதான் ஜெயித்தது என்று ஒரு கட்சி, பச்சையாக இருப்பதுதான் என்று ஒரு கட்சி. வெளிச்சம் தேடித்தான் அது அப்படி நீண்டது, பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும் என்று நான் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பரவாயில்லை, பீரோவில் இருந்த சிரட்டைகளை ஜன்னலுக்கு மாற்றினோம், மறுநாளே பச்சை ஏற ஆரம்பித்துவிட்டது. என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை.

அந்தப் புல்லை வைத்து அட்டைப்பெட்டியில் ஒரு குடில். கதை சொல்லும்போது தமிழ் பைபிளில் வரும் முன்னணை என்ற சொல்லில் நின்றுவிட்டார்கள். மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி என்றேன். எங்கள் தெருக்களில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை, உடனே புரிந்துவிட்டது. "தொட்டியில பாப்பாவைப் படுக்க வெச்சுட்டா அன்னிக்கு மாடு எங்க சாப்பிட்டுச்சு மிஸ்?" என்று ஒரு கேள்வி வந்தது. மாடு இருந்ததாகவே சுவிசேஷத்தில் எழுதியில்லை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி இந்தக் காட்சியை அமைத்தார், குடில் வைக்கிற பழக்கம் பரவியது அதற்கப்புறம்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்டவனுக்கு வேண்டியது அதுவல்ல. "தரையில போட்டிருப்பாங்க" என்று இன்னொருத்தன் சொன்னதும் திருப்தியாகிவிட்டான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், குடிலில் இருந்த மரியாளைக் காட்டி, "எங்க குர்ஆன்லயும் இவங்க இருக்காங்க மிஸ், மர்யம்னு ஒரு சூராவே இருக்கு" என்றாள். ஓதப் போகிற இடத்தில் கேட்டதாம். அன்று மர்யமைப் பற்றி அவள்தான் பாடம் எடுத்தாள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நட்சத்திரம். கடையில் மடக்கு நட்சத்திரம் வாங்கி மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் எங்கள் பகுதியில் பையன்கள் மூங்கில் பிளாச்சில் கட்டித் தெருவுக்குக் குறுக்கே தொங்கவிடுவார்கள். அதைச் சின்னதாக ஈர்க்குச்சியில் செய்தால் என்ன என்று தோன்றியது. பட்டம் கட்டத் தெரிந்த ஒரு அப்பா ஒரு மதியம் வந்து சொல்லிக் கொடுத்தார். ஐந்து குச்சியை மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பாய் பின்னுவதுபோல் கோத்து, முனைகளை நூலால் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் சின்னத் துண்டுகளை முட்டுக் கொடுத்தால், தட்டையாக இருந்தது புஸ்ஸென்று உப்பி எழுந்து நிற்கும். அந்த நொடி முப்பத்தைந்து பேரும் "ஏ..." என்றார்கள். நானும்தான்.

ஏழு குழு, குழுவுக்குப் பத்து குச்சி, ஆக எழுபது. முட்டுக்கு மூன்று செ.மீ. துண்டு முப்பத்தைந்து. பெருக்கல் வாய்ப்பாடு அன்று தானாக நடந்தது. ஸ்கேலில் பதினைந்து செ.மீ. அளந்து வெட்ட வேண்டும். அளக்கும்போது சிலர் ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளப்பார்கள், சிலர் ஒன்றிலிருந்து அளப்பார்கள். நோட்டில் இந்தத் தப்புக்குச் சிவப்பு மையில் சுழிப்போம், யாருக்கும் உறைக்காது. இங்கே நட்சத்திரமே கோணிக்கொண்டு நின்றது. ஒரு குழு மூன்று முறை பிரித்துக் கட்டியது. அந்த அப்பா பொறுமையாக, "குச்சியைப் பாரு, கயித்தைத் திட்டாத" என்றார்.

அப்புறம்தான் படித்தேன், ஜெர்மனியில் மொராவியன் திருச்சபைக்காரர்கள் மாட்டுகிற பல முனை நட்சத்திரமும் 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகச் செய்ததாம். நமக்கு முன்னாலேயே யாரோ ஒரு வாத்தியார் மாட்டியிருக்கிறார்.

நடுவில் ஒரு சண்டை. "எங்கம்மா கோலத்துல போடுற ஸ்டாருக்கு ஆறு முனை, இது தப்பு" என்றாள் ஒருத்தி. போர்டில் வந்து போடு என்றேன். மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று இடுக்குப் புள்ளி வைத்தாள். மொத்தம் பத்தொன்பது. மூலைப் புள்ளிகளை ஒன்று விட்டு ஒன்று சேர்த்து ஒரு முக்கோணம், அதன்மேல் தலைகீழாக இன்னொன்று. அச்சு மாதிரி ஆறு முனை. அதே புள்ளியில் ஐந்து முனை போட்டுப் பாருங்கள் என்று விட்டேன். வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதைத் தேர்வு முடிந்ததும் பார்ப்போம் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் எல்லாவற்றையும் கழற்றுவதுதான் வழக்கம். அந்த வருடம் ஆறாம் தேதி வரை இருக்கட்டும் என்றேன். ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 6-தான் கிறிஸ்துமஸ். பாரிமுனையில் அவர்கள் 1772-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது, அதனால்தான் அது ஆர்மீனியன் தெரு. அந்த வழியாக பஸ்ஸில் போகிற பிள்ளைகளே அதிகம், யாருக்கும் தெரியாது. ஆறாம் தேதி போனது, பொங்கலும் போனது. ஆறு நட்சத்திரங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கோணல் நட்சத்திரம் மட்டும் ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது.

மார்ச்சில் பள்ளியைப் பார்வையிட வந்த அலுவலர் அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா, ஸ்டார் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "ஒரு குச்சி பதினாலு சென்டிமீட்டர் சார்."