வால் போற பக்கம் மருந்து போகும்

எங்க தோட்டத்துக்கு புதுசா யாரு வந்தாலும் முதல்ல கேக்குறது இததான், "என்னம்மா அது, கம்பத்து மேல துணி தொங்குது?" மல்பெரி தோட்டத்தோட மேக்கு வரப்புல 20 அடி ஜிஐ பைப்பு, அது உச்சில ஆரஞ்சும் வெள்ளையுமா ஒரு துணிக்குழாய், வாய் பெருசு வால் சின்னது. என் தம்பி அத விண்ட் சாக்குன்னு சொல்லுவான், ஊர்ல காத்துப்பைன்னு ஆயிடுச்சு, என் சின்ன பொண்ணுக்கு அது தும்பிக்கை. ஏரோபிளேன் எறங்குற எடத்துலதான் இது இருக்கும்னு நானும் நெனச்சிட்டு இருந்தேன். பட்டுப்பூச்சி வளக்குற எங்களுக்கு இது எதுக்குன்னு தெரியணும்னா போன வருஷம் ஆடில நடந்தத சொல்லணும்.

நாங்க பாலக்கோடு தாண்டி ராயக்கோட்டை போற பக்கம் இருக்கோம். இந்த பக்கம் பாதி நெலம் தக்காளி, மீதில மல்பெரி, மாந்தோப்பு, கேழ்வரகுன்னு கலந்து கெடக்கும், ஒருத்தர் வரப்புல நின்னா அடுத்தவர் செடி கைக்கு எட்டும். அதுலதான் பிரச்சனையே. தக்காளிக்கு மருந்து அடிக்காம முடியாது, வெள்ளை ஈ, காய்ப்புழுன்னு ஏதாவது ஒண்ணு வந்துட்டே இருக்கும். பட்டுப்புழுவுக்கோ அந்த மருந்து காத்துல வந்து எலைல ஒட்டினாலே போதும், அதுவும் புழுதானே, காய்ப்புழு எதுல சாகுமோ அதுல இதுவும் சாகும்.

அன்னைக்கு 200 முட்டை வளத்திருந்தோம். தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒரு முட்டை தொகுதினா அதுல சுமார் 500 முட்டை இருக்கும், அதத்தான் நாங்க சுருக்கமா ஒரு முட்டைன்னு சொல்றது. நாலு தோலுரிப்பும் முடிஞ்சு அஞ்சாம் பருவம், அஞ்சாவது நாள். புழு அதோட ஆயுசுல திங்குற மொத்த எலைல முக்கால்வாசிக்கு மேல இந்த ஏழெட்டு நாள்லதான் திங்கும், ஷெட்டுக்குள்ள போனா மழை பெய்யிற மாதிரி சத்தம் கேக்கும். காலைல மேக்கு பக்கம் நாலு சால் வெட்டி பத்து மணி வாக்குல போட்டோம். மத்தியானம் மூணு மணிக்கு உள்ள போறேன், சத்தம் இல்ல. கிட்ட போய் குனிஞ்சு பாத்தா தலைய தூக்கி தூக்கி ரெண்டு பக்கமும் ஆட்டுது, வாயில இருந்து பச்சையா தண்ணி கக்குது, கைல எடுத்தா ஒடம்பு சுருங்கி போயிருக்கு. சாயந்திரத்துக்குள்ள ஒரு பக்க ஸ்டேண்டு முழுக்க போச்சு. 140 கிலோ கூடாவது வரும்னு இருந்தது, தருமபுரி அங்காடிக்கு 35 கிலோ எடுத்துட்டு போனோம். செத்த புழுவ குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடும்போது எனக்கு அழுகைய அடக்க முடியல, 20 நாளுக்கு மேல ராத்திரி எந்திரிச்சு எல போட்டு வளத்தது.

பக்கத்து தக்காளி தோட்டத்து அண்ணன்கிட்ட எங்க வீட்டுக்காரர் போய் கேட்டாரு. அவர் அன்னைக்கு விடியற்காலைல பவர் ஸ்ப்ரேயர்ல மருந்து அடிச்சது உண்மை. ஆனா அவர் ஒரே வார்த்தைல நின்னாரு, "நான் அடிக்கும்போது ஒரு எல கூட ஆடல, காத்தே இல்ல, உங்க பக்கம் எப்படி வரும்?" நாங்க வந்துச்சுங்கறோம் அவர் வரலங்கறாரு, யாரு பாத்தா? காத்துக்கு சாட்சி ஏது. ரெண்டு வீட்டுக்கும் ஒரு மாசம் பேச்சு வார்த்தை இல்ல.

என் தம்பி ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில வேலை செய்யுறான், அங்க குளிரூட்டுறதுக்கு அம்மோனியா இருக்கு. அவன்தான் ஞாயித்துக்கெழமை வந்தப்ப, "அக்கா, எங்க பிளாண்ட்ல இதுக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க"ன்னான். கேஸ் லீக் ஆகி சைரன் அடிச்சா முதல்ல ஓடக்கூடாதாம், தலைய தூக்கி விண்ட் சாக்க பாக்கணும், அப்புறம்தான் காலு நகரணும்னு பழக்கியிருக்காங்க. காத்து போற தெசைலயே ஓடினா கேஸும் நம்ம கூடவே வரும், நேரா காத்துக்கு எதிரா ஓடினா லீக் ஆன எடத்துக்குள்ளயே போய் விழுந்துடலாம், அதனால முதல்ல காத்துக்கு குறுக்கால நடந்து வெளிய வந்துட்டு அப்புறம் காத்து வர்ற பக்கமா போகணும். கூடி நிக்கிற எடம் கூட ரெண்டு பக்கம் குறிச்சிருப்பாங்களாம், அன்னைக்கு காத்த பாத்து எதுக்கு போறதுன்னு முடிவு. தண்ணிக்கு குளோரின் கலக்குற எடம், ஐஸ் ஃபேக்டரி, கோல்ட் ஸ்டோரேஜ், ரசாயன கம்பெனி எல்லாத்துக்கும் இதே கததான். குளோரின் காத்த விட ரெண்டரை மடங்கு கனம், தரையோட தரையா பரவும். அம்மோனியா லேசு, மேல போயிடும்னு சொல்லுவாங்க, ஆனா குளிர்ந்து புகையா வெளிய வந்தா அதுவும் முதல்ல கீழதான் படரும்னு அவன் சொன்னப்ப எனக்கு போபால் ஞாபகம் வந்துச்சு, 1984 டிசம்பர் 2 ராத்திரி. தூக்கத்துல எந்திரிச்சு ஓடின அந்த சனங்களுக்கு காத்து எந்த பக்கம் போகுதுன்னு யாரு சொன்னா? கேஸ் போன பக்கமே ஓடினவங்க எத்தனையோ பேரு. ஒரு துணிக்குழாய் எல்லாரையும் காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்ல வரல, ஆனா ஃபேக்டரிக்கு உள்ள இருக்கறது வெளிய குடியிருக்கிற ஊர் சனத்துக்கும் தெரியுற ஒசரத்துல இருக்கணும், அத எப்படி பாக்கணும்னு பள்ளிக்கூட பிள்ளைக்கு வரைக்கும் சொல்லி குடுக்கணும், இத நான் உறுதியா சொல்லுவேன்.

சரி எங்க கதைக்கு வர்றேன். அடுத்த வாரமே செய்ய உக்காந்தோம். முதல்ல பழைய புடவைய கிழிச்சு கொடி மாதிரி கட்டினோம், அது அரை நாள்ல கம்பத்த சுத்திக்கிச்சு. அப்புறம் சாக்குல தெச்சோம், ஆடிக்காத்து பலமா வந்தாதான் அது எந்திரிச்சுது, இளங்காத்துக்கு செத்த மாதிரி தொங்கும், நமக்கு வேண்டியதே அந்த இளங்காத்துதான். கடைசில கிழிஞ்ச கொட துணி, நைலான், லேசா இருக்கும், அதுல தெச்சோம். வாய் ஒரு அடி அகலம், பெயிண்ட் பக்கெட்டோட வளையம் வெச்சது, நீளம் நாலடி, வால் பக்கம் அரை அடி, அதுவும் தெறந்தே இருக்கணும், மூடிட்டா காத்து நொழைஞ்சு வெளிய போக வழி இல்லாம பையாட்டம் உப்பிக்கிட்டு தடுமாறும். சுத்துறதுக்கு பழைய சைக்கிளோட முன் சக்கரத்து ஹப்ப பைப்பு மேல நட்டக்குத்தலா வெல்டிங் வெச்சாரு எங்க வீட்டுக்காரர், கிரீஸ் போட்டதும் ஊதினாலே திரும்புது.

எடம் மாத்தினது இன்னொரு கத. முதல்ல தென்னமரத்துக்கு பக்கத்துல நட்டோம், வால் கிழக்க போகும், உடனே தெக்க போகும், ஒரு நேரம் நம்மளயே பாக்கும். மரம், ஷெட்டு இதெல்லாம் காத்த ஒடச்சு சுழல விடும், அதனால தெறந்த வெளியாதான் வேணும். மரத்தோட ஒசரத்துக்கு பத்து மடங்கு தள்ளி வெக்கணும்னு சொல்றாங்க, எங்களுக்கு அவ்வளவு நெலம் இல்ல, முடிஞ்ச வரைக்கும் தள்ளி மேக்கு வரப்புக்கே கொண்டு போயிட்டோம். அது ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல வந்துச்சு, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஏர்போர்ட்ல வெக்கிறது 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் காத்து அடிச்சா முழுசா நேரா நிக்கிற கணக்குல இருக்கும். எங்களோடது வீட்ல தெச்சது, அந்த கணக்கு இதுக்கு பொருந்தாது. அதனால தம்பி ஒரு வேலை பண்ணான், காத்து அசையாத ஒரு விடிகாலைல காலி தார் ரோட்ல பைக் ஓட்டினான், நான் பின்னாடி உக்காந்து கழில காத்துப்பைய தூக்கி பிடிச்சேன். ஸ்பீடோமீட்டர்ல 10 வந்தப்ப பாதி எந்திரிச்சுது, 15ல முக்கால், 20 தாண்டினதும் கழி மாதிரி நீட்டிக்கிச்சு. போன வழியே திரும்பி வந்தும் பாத்தோம், அதேதான். இப்ப எங்களுக்கு கணக்கு இதான், பாதி வரைக்கும் எந்திரிச்சு ஒரே பக்கம் நிலையா நின்னா மருந்து அடிக்கலாம், நேரா நீட்டினா ஸ்ப்ரேயர கீழ வெச்சிடணும்.

ஆனா முக்கியமானது இனிமேதான். நிறைய பேரு நெனைக்கிறது, காத்துப்பை அசையாம தொங்கினா அதுதான் மருந்து அடிக்க நல்ல நேரம்னு. இல்லவே இல்ல. விடியற்காலைல தரைய ஒட்டின காத்து குளிர்ந்து கெடக்கும், அது மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்திருக்கும். அந்த நேரத்துல யாராவது குப்பை கொளுத்தினாலோ அடுப்பு பத்த வெச்சாலோ பாருங்க, புகை மேல போகாது, ஆளு ஒசரத்துல துப்பட்டா விரிச்ச மாதிரி படுத்துக்கிட்டு மெதுவா நகரும். மருந்து தூறலும் அப்படித்தான். மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, 100 மைக்ரான் அளவு துளி 10 அடி எறங்க சுமார் 10 செகண்ட் ஆகும், அதுவே 20 மைக்ரான்னா கிட்டத்தட்ட 4 நிமிஷம் மெதக்கும். பவர் ஸ்ப்ரேயர்ல பொடிப்பொடியா வர்றதுல அந்த மாதிரி துளியும் கொஞ்சம் இருக்கும், மேலயும் போகாம கீழயும் எறங்காம, எல கூட அசையாத காத்துல அது பாட்டுக்கு வரப்பு தாண்டிடும்.

இத தம்பி சொன்ன அன்னைக்கு நான் ரொம்ப நேரம் திண்ணைலயே உக்காந்திருந்தேன். அந்த அண்ணன் பொய் சொல்லல. ஒரு எல கூட ஆடலன்னு அவர் சொன்னது நிஜம்தான், நம்ம எலைல மருந்து வந்து படிஞ்சதுக்கும் அனேகமா அதுவேதான் காரணம். ஒரு மாசம் மனசுல அவர எவ்வளவு திட்டியிருப்பேன்.

நானே போய் கூப்பிட்டேன், "அண்ணா, ஒரு நிமிஷம் வந்து பாருங்க"ன்னு. கம்பத்துக்கு கீழ நிக்க வெச்சு எல்லாம் சொன்னேன், குப்பை கொளுத்தி புகையும் காட்டினோம். அவர் முதல்ல ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாரு, "வாய் பாக்குற பக்கம்தான காத்து போகுது?" இந்த குழப்பம் எல்லாருக்கும் வருது. வாய் பாக்குறது காத்து வர்ற பக்கம், வால் காட்டுறது போற பக்கம். "வால் போற பக்கம் மருந்து போகும்ணா"ன்னு சொன்னேன், அதுவே இப்ப எங்க பக்கம் பேச்சாயிடுச்சு.

தேடி பாத்ததுல இந்த துணிக்குழாய் போகாத எடமே இல்ல போல. பெரிய அத்லெட்டிக்ஸ் போட்டில நீளம் தாண்டுறவங்க, ஈட்டி எறியுறவங்க கண்ணுக்கு படுற மாதிரி நட்டிருப்பாங்க. ஜப்பான்ல எக்ஸ்பிரஸ்வே பாலத்து மேல லாரிக்காரங்க பாக்குறதுக்கு வெச்சிருக்காங்க, மே 5 குழந்தைகள் தினத்துக்கு அதே மாதிரி குழாய மீன் உருவத்துல செஞ்சு வீட்டுக்கு வீடு பறக்க விடுவாங்க. ரோம்ல கி.பி. 113ல எழுப்பின டிராஜன் தூண்ல ஓநாய் மாதிரி தலையும் பாம்பு மாதிரி ஒடம்புமா துணிக்குழாய் கொடிகளே செதுக்கியிருக்கு. எங்க பாட்டி களத்துல கேழ்வரகு தூத்துறதுக்கு முன்னாடி ஒரு பிடி உமிய எடுத்து கைய தூக்கி விடுவாங்க, அது எங்க போய் விழுதோ அத பாத்துதான் மொறத்தோட நிப்பாங்க. அவங்களுக்கு அந்த ஒரு பிடி உமி போதும், ஆனா உமி விழுந்துட்டா முடிஞ்சுது, அடுத்த நிமிஷம் காத்து மாறினா திரும்ப இன்னொரு பிடி போடணும்.

இதுல ஒண்ண மறைக்காம சொல்லிடறேன். காத்துப்பை மருந்த தடுக்காது. மேக்காத்து அடிக்கிற ஆடி மாசத்துல வால் எங்க பக்கம்தான் நீட்டும், எத்தனை நாள் அவர அடிக்காதீங்கன்னு சொல்ல முடியும், தக்காளில பூச்சி விழுந்தா அவருக்கும் அது சோறுதான. அதனால மேக்கு ஓரம் நாலு சால் எலைய இப்ப புழுவுக்கு வெட்டுறதில்ல, அகத்தியும் நெருக்கமா போட்டிருக்கோம் தடுப்புக்கு. சந்தேகமா இருந்தா இருபது புழுவ தனியா தட்டுல விட்டு எல போட்டு ஒரு நாள் பாத்துட்டுதான் மத்ததுக்கு போடுவேன். அவரும் ஸ்ப்ரேயர்ல மருந்து வெளிய வர்ற நாசில் முனைய மாத்திட்டாரு, கொஞ்சம் பெரிய துளியா வரும்.

இப்ப 150 முட்டை ஓடுது, மூணாம் தோலுரிப்புல இருக்கு, புழு தலைய தூக்கி அசையாம ஒக்காந்திருக்கு, எல போட வேணாம். நேத்து காலைல எட்டரை மணிக்கு அண்ணன் போன் பண்ணாரு. "தங்கச்சி, வால் தெக்க போகுது, பாதிக்கு நிக்குது, அடிச்சிக்கட்டுமா?" நான் வாசல்ல இருந்தே எட்டி பாத்தேன், ஆமா தெக்கதான். "அடிங்கண்ணா"ன்னேன். அரை மணி நேரத்துல கொஞ்சம் கிழக்கால திரும்புச்சு, நான் போன எடுக்கறதுக்குள்ள அங்க மெஷின் சத்தம் நின்னுடுச்சு.