ஈரம் ஏறும் பழைய சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்
பெங்களூருல அல்சூர், மல்லேஸ்வரம் பக்கம் செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின பழைய வீட்டுக்காரங்களுக்கு. தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, வெள்ளையா உப்புப் பூத்து, தொட்டா மாவா உதிருதா? தயவுசெய்து அதுமேல சிமெண்ட் பூசாதீங்க. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாம இன்னும் மேலே ஏறும். சிமெண்ட் முடியிற இடத்துக்கு மேல மறுபடி உதிர ஆரம்பிக்கும்.

முதல்ல சுவரோட வெளிப்பக்கம் பாருங்க. பெரும்பாலும் தோட்டப் பாத்திதான் காரணம். வருஷா வருஷம் எரு கொட்டி மண் வீட்டுத் தரைக்கு மேல ஏறியிருக்கும். தரைமட்டத்துக்கு அரை அடி கீழே வர்ற வரை வெட்டி எடுங்க. மாடித் தண்ணி இறங்குற குழாய் அங்கேயே கொட்டுதான்னும் பாருங்க.

அப்புறம் ஈரக்கோட்டுக்கு மேல ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்திட்டு, ஒரு மாசமாவது காய விடணும். இதில் அவசரப்பட்டா எல்லாம் வீண். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால மட்டும் தட்டுங்க. கழுவினா கரைஞ்சு செங்கல்லுக்குள்ளேயே திரும்பப் போயிடும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூணு பங்கு சலிச்ச மணல். சுண்ணாம்பு ரெண்டு வாரமாவது தண்ணியில ஊறியிருக்கணும். நீறாத கட்டி ஒண்ணு கலந்துட்டாலும், பூசின பிறகு அது பொரிஞ்சு சுவர்ல மிளகளவு குழி விழும். ஒரு தடவை பூசுற கனம் அரை அங்குலத்துக்கு மேல போனா வெடிக்கும். பத்து நாள் லேசாத் தண்ணி தெளிங்க. கையுறை கட்டாயம், சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

மேலே வெள்ளையடிச்சா போதும்; எமல்ஷன் பெயின்ட் ஈரம் வெளியேற விடாம சுவரோட மூச்சை அடைச்சிடும். பெங்களூருல ஜனவரியில கொத்தினா, மழைக்கு முன்னாடி நிதானமா முடிக்கலாம்.