பிரீமியத்தைப் பார்த்துவிட்டு பாலிசியை மூடிவைக்காதீர்கள்

"எங்கள் பகுதியில் வெள்ளமே வந்ததில்லை, எனக்கு ஏன் பிரீமியம் ஏறுகிறது?" பலரும் கேட்பதுதான். காரணம் பெரும்பாலும் மறுகாப்பீடு. நமக்கு பாலிசி கொடுக்கும் நிறுவனம், தன்னால் தாங்க முடியாத இழப்புகளுக்காக இன்னொரு நிறுவனத்திடம் தானும் காப்பீடு எடுக்கிறது. அந்த ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படும். எங்கெங்கோ புயலும் காட்டுத்தீயும் அடுத்தடுத்து வந்த ஆண்டென்றால் அந்த விலை ஏறி, கடைசியில் நம் தலையில் விழும்.

விலை ஏறினால்கூடச் சமாளிக்கலாம், பாலிசியே கிடைக்காவிட்டால்தான் சிக்கல். வீட்டுப் பாலிசி பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். அபாயம் கூடிய இடத்திலிருந்து நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியும். 2023 மே மாதம் கலிபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம் புதிய வீட்டுப் பாலிசிகளுக்கு விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்தியது. வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்கும் காப்பீடு கிடைக்க பிரிட்டன் 2016-இல் 'ஃப்ளட் ரீ' திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் 2009 முதல் கட்டிய வீடுகளுக்கு இடமில்லை. 2039-இல் திட்டமே முடிகிறது.

பிரீமியம் ஏறாமலே பாதுகாப்பு சுருங்குவதும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் மோசம், ஏனென்றால் கிளெய்ம் செய்யும் நாள்வரை தெரியாது. முதலில் டிடக்டிபிளைப் பாருங்கள், அதாவது சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கு. புயலுக்கு அது 2 சதவீதம் என்று இருந்தால், அது சேதத்தில் 2 சதவீதமா, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமா? காப்பீட்டுத் தொகையில்தான் என்றால், அது 50 லட்சமாக இருக்கும்போது சேதத்தில் முதல் 1 லட்சம் உங்கள் பொறுப்பு. 80,000 சேதத்துக்குச் சல்லிக்காசு வராது.

அடுத்தது காப்பீட்டுத் தொகை. நிலத்தின் மதிப்பு இதில் சேராது. இன்றைய விலையில் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 60 லட்சம் ஆகும் வீட்டை 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், விகிதாசார விதி (காப்பீடு குறைந்த அளவுக்கு இழப்பீடும் குறையும் என்பது) உள்ள பாலிசியில் 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் கிடைக்கும், அதிலும் டிடக்டிபிள் கழியும். பேரிடருக்குப் பிறகு கூலியும் பொருள் விலையும் எகிறும் என்பதால், பழைய மதிப்பீட்டை அப்படியே ஓட்டவிடாதீர்கள்.

கூரைக்குத் தேய்மானம் கழிக்கிறார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 20 ஆண்டு உழைக்கும் கூரைக்கு 15 ஆண்டு ஆகியிருந்தால் கால்பங்குதான் மிஞ்சும்.

நிறுவனம் மாறுவதானால் புதிய பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். வெள்ளத்துக்குத் தனி பாலிசி என்றால் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில் அது பொதுவாக 30 நாள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப் பயனில்லை.