கூலிக்கு வந்த தூதர்: குறுநாவல் மூன்றாம் வரைவு நிலவரம்

ஒருவழியாகத் தூதர் தன்னை வெளிப்படுத்தும் காட்சி படிந்துவிட்டது. தேவதூதர் கதை எழுதிப் பார்த்த எவருக்கும் அந்த இடம் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கதை இவ்வளவுதான். பிரேக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக் அதே லிஃப்டில் சாக வேண்டியவன். அவனுக்கு 40 நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. கூடவே நாள்கூலிக்கு ஓர் உதவியாளும் கிடைக்கிறார். அவர்தான் தூதர்.

கூலி யோசனை விவிலியத்தின் தோபித்து நூலிலிருந்து வந்தது. அங்கே இரபேல் என்ற வானதூதர், அசரியா என்ற பெயரில் நாளுக்கு ஒரு திராக்மா பேசிக்கொண்டு தோபியாவுக்கு வழித்துணையாக வருகிறார். வாசகருக்கு 3ஆம் அதிகாரத்திலேயே விஷயம் தெரியும். தகப்பனுக்கும் மகனுக்கும் தெரிவது 12இல்தான், அதுவும் கூலி கொடுக்கக் கூப்பிடும்போது. இந்த அமைப்பை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை என்பது என் கட்சி. கடைசிப் பக்கத்தில் 'அவர் மனிதரே அல்ல' என்று திடுக்கிட வைக்கும் கதைகளை இரண்டாம் முறை படிக்க முடிவதில்லை. வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால், மெக்கானிக் அவரை அதட்டும் ஒவ்வொரு இடமும் கூசும். வேண்டியது அந்தக் கூச்சம்தான்.

தெரியப்படுத்த வேண்டும், ஆனால் அறிவிக்கக் கூடாது. இதற்கு வினைமுற்று விகுதியே போதும். கதைசொல்லி முதல் அத்தியாயத்திலிருந்தே உதவியாளை 'வந்தார், குனிந்தார், ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்' என்று எழுதுகிறார். மெக்கானிக் வாயில் 'எங்கடா போனான் அவன்' என்றுதான் வருகிறது. இருபது வயதுப் பையனுக்கு ஏன் 'ஆர்' விகுதி என்று வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்வார். ஒளிவட்டமும் வேண்டாம், இறகும் வேண்டாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் மெக்கானிக்கின் மனவோட்டத்துக்குள் கதைசொல்லி நுழையும் பத்திகளில் வருகிறது. அங்கே 'ஆர்' போட்டால் மெக்கானிக்குக்கு ஏற்கெனவே உண்மை தெரிந்துவிட்டதாகும். 'ஆன்' போட்டால் கதைசொல்லியின் மரியாதை உடைந்து அதுவரை கட்டியது சரிந்துவிடும். அந்த வாக்கியங்களில் உதவியாளை எழுவாயாகவே வைக்கக் கூடாது. 'டார்ச்சைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை', 'பின்னாலிருந்து பதில் வரவில்லை' என்று கை, குரல், நிழல், செருப்புச் சத்தம் ஆகியவற்றுக்கு வினையைக் கொடுத்துவிட வேண்டும். பெயரெச்சமும் கைகொடுக்கும்: 'அவன் நீட்டிய துணி' என்பதை 'நீட்டப்பட்ட துணி' என்று மாற்றினால் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடும், 'கைக்கு வந்த துணி' என்றால் சரியாக இருக்கும். ஒரு பக்கத்தில் நாலைந்துக்கு மேல் இப்படி வந்தால் உதவியாள் வெறும் உறுப்புகளாகச் சிதறிவிடுவார். அப்போது மனவோட்டத்தையே சுருக்கிப் பேச்சாக்கிவிடுவது நல்லது.

வெளிப்படும் காட்சியில் பலன் தெரிகிறது. கூலியை எண்ணி நீட்டும் மெக்கானிக், 'இந்தாடா' என்று தொடங்கி, முகத்தைப் பார்த்து, 'வாங்கிக்குங்க' என்று முடிக்கிறான். அதுவரை 'அண்ணே' என்று கூப்பிட்டவர் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்கிறார். 'நான் தூதன்' என்ற வரியை எடுத்துவிட்டேன். தேவைப்படவில்லை.

தூதரின் பேச்சுக்கு அளவுகோல் விவிலியத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை. சூரைச்செடியின் கீழே 'சாகவேண்டும்' என்று படுத்தவரிடம் தூதன் வாழ்க்கையின் நோக்கம் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. 'எழுந்திருந்து போஜனம்பண்ணு', அவ்வளவுதான். இரண்டாந்தரம் வரும்போது மட்டும் பிரயாணம் வெகுதூரம் என்று ஒரு காரணம் சேர்கிறது. ஆகவே என் உதவியாளுக்கும் 'போல', 'இருக்கலாம்', 'பாப்போம்' எல்லாம் தடை. தயக்கச் சொற்களை எடுத்துவிட்டால் பேச்சுத் தமிழே போதும், புராண நாடகச் செந்தமிழ் தேவையில்லை. ஒரு மாதிரி:

"நான் எதுக்குப் பொழைச்சேன்னு உனக்குத் தெரியும்ல?"

"கவர்னர் கயிறு தேஞ்சிருக்கு அண்ணே. டார்ச்ச இங்க பிடிங்க."

கவர்னர் என்பது லிஃப்ட் வேகம் மீறினால் அதை நிறுத்தவைக்கும் பாதுகாப்புக் கருவி. நோக்கம் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. அதைத் தூதர் வாயால் சொன்னால் பிரசங்கம் ஆகிவிடும்.

விபத்தைப் பற்றி ஒரு சொல். லிஃப்ட் என்றாலே அறுந்து விழுவதாக எழுதுகிறார்கள். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடை, கூண்டின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. ஒற்றை ஆள் இருக்கும் கூண்டில் பிரேக் பிடிக்காவிட்டால் அது மேலே போகும். இந்தக் கதைக்கு அது வாய்ப்பாக அமைந்துவிட்டது: சாவு மேல்நோக்கி இழுக்கிறது, தூதர் கீழே குழியில் நின்று வேலை பார்க்கிறார்.

இரண்டாம் வாய்ப்பின் விதியில்தான் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் சோர்ந்துபோகின்றன. பழைய தவறு அப்படியே அழிந்துவிட்டால் 40 நாளில் 30 நாள் சும்மா கிடக்கும். விவிலியத்தில், சாகக்கிடந்த யூதா அரசர் எசேக்கியாவுக்கு 15 ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. அவருக்குப் பின் 12 வயதில் அரியணை ஏறிய மனாசே, அரசர்கள் நூலின் கணக்குப்படி, கூடுதல் ஆண்டுகளில் பிறந்தவன்தான். யூதாவின் மோசமான அரசர்களில் ஒருவன். கூடுதல் காலம் புதிய விளைவைப் பெறும், அது நல்லதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. இதனால் மெக்கானிக் கள்ளக் கையெழுத்தை ஒப்புக்கொள்வதை 9ஆம் நாளிலேயே வைத்துவிட்டேன். மீதி 31 நாளும், அந்த ஒப்புதலால் வேலையிழந்த சக மெக்கானிக்கின் வீட்டைச் சுற்றி நடக்கிறது.

மூலநூல் வாங்குபவர்களுக்கு: தோபித்து எல்லா விவிலியப் பதிப்பிலும் இராது. சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் கிடையாது. பொது மொழிபெயர்ப்பு வாங்கும்போது இணைத்திருமுறை (தோபித்து போன்ற கூடுதல் நூல்களின் தொகுதி) சேர்ந்த பதிப்பா என்று பார்த்து வாங்கவும்.

திருத்தும்போது 'ஒளி' என்று தேடினால் 'ஒளிந்தான்', 'ஒளித்து' எல்லாம் வந்து குவியும். 'ஒளியி', 'ஒளியா', 'ஒளிர்' என்று தனித்தனியாகத் தேடுவது உத்தமம். தேடிக் கிடைத்ததில் டார்ச் வெளிச்சம் தவிர மற்றதை வெட்டலாம். 'வெண்மை', 'அமைதி தவழ' இரண்டுக்கும் அதே தண்டனை.

அடுத்த கதைக்கு வலத்திலும் இடத்திலும் அமர்ந்து மனிதனின் செயல்களை எழுதும் வானவர்கள் மனதில் ஓடுகிறார்கள். குர்ஆனின் 50ஆம், 82ஆம் அத்தியாயங்களில் வருபவர்கள். முழுக்கப் பதிவேட்டு வடிவில், இருவரும் ஒரே நாளை எழுதுவதாக. தீயதை எழுதும் இடப்பக்கத்தவர் எழுதுவதற்கு ஏதுமின்றிக் காத்திருக்கும் பக்கங்களை எப்படிக் காட்டுவது என்பது இன்னும் பிடிபடவில்லை.

இந்தக் கதையில் பாக்கி 40ஆம் நாள். மெக்கானிக் சாவது உறுதி, அதில் பேரம் இல்லை. உதவியாள் போன பிறகு வரும் அத்தியாயம் அது என்பதால் 'ஆர்' விகுதி கைவசம் இல்லை. சக மெக்கானிக்குக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.