அந்த இரண்டு மூலங்கள்

மார்ச் 3

முடிவு நாளை வந்துவிடும் என்றார்கள். உறக்கம் பிடிக்காததால் ஜியோஜீப்ரா என்னும் கணித வரைபட மென்பொருளைத் திறந்து, எக்ஸ்³ − 3எக்ஸ் + கே என்னும் சார்பை வரைந்து, கே-இன் மதிப்பை மாற்றும் ஸ்லைடரை மெல்ல வலப்புறம் இழுத்துக்கொண்டிருந்தேன். கே பூச்சியமாக இருக்கையில் வளைவரை கிடையச்சை மூன்று இடங்களில் வெட்டுகிறது; சார்பு பூச்சியமாகும் அந்த இடங்களே அதன் மூலங்கள். கே கூடக்கூட வளைவரை முழுவதும் மேலெழ, வலப்பக்கத்து மூலங்கள் இரண்டும் நெருங்கி வந்து, கே 2 ஆகும்போது 1 என்னும் புள்ளியில் ஒன்றாகின்றன. வளைவரை அங்கே அச்சை வெட்டாமல் தொட்டுத் திரும்புகிறது. 2.01-இல் இரண்டுமே இல்லை.

மார்ச் 4

வரவில்லை.

மார்ச் 5

அவை எங்கே போயின? முப்படிக் கோவைக்கு மூன்று மூலங்கள் உண்டு என்பதை அறிந்திருந்தும், அச்சுக்கு மேலே தொங்கும் அந்தச் சிறு பள்ளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மெய் மூலங்கள் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது வகுப்பு வழக்கம். அது தவறில்லை, ஆனால் போதாது.

மார்ச் 6

கலப்பெண் என்றால் மெய்ப்பகுதியைக் கிடையாகவும் கற்பனைப்பகுதியைச் செங்குத்தாகவும் குறித்துத் தளத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் எண்; அத்தகைய மூலங்களைக் கணிக்கும் கட்டளை மென்பொருளிலேயே இருக்கிறது. புள்ளிகள் தடம் விட்டுச் செல்லும்படி அமைத்து மீண்டும் இழுத்தேன். 1-இல் சந்தித்த இரண்டும் அச்சுக்குச் செங்குத்தாகப் பிரிந்து, ஒன்று மேலும் மற்றது கீழுமாக வலப்புறம் வளைந்து சென்றன. “இன்னும் தூங்கலையா கண்ணு?” என்று அம்மா இருமுறை கேட்டார்.

மார்ச் 8

அந்தத் தடம் ஓர் அதிபரவளையம், அதாவது எதிரெதிராக விரியும் இரு கிளைகள் கொண்ட வளைவரை; இது அதன் வலப்பக்கக் கிளை. தாளிலும் சரிபார்த்துவிட்டேன். மெய்ப்பகுதி அ, கற்பனைப்பகுதி ஆ என்று கொண்டால், மூலங்களின் கூடுதல் பூச்சியம் ஆகையால் மூன்றாம் மூலம் −2அ; இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் −3 வர வேண்டும்; எனவே ஆ² = 3அ² − 3. இதில் கே இல்லவே இல்லை! கே எவ்வளவு பெருகினாலும் அவற்றுக்கு இந்த ஒரே பாதைதான். கே 18 ஆகும்போது மூன்றாம் மூலம் −3, மற்ற இரண்டின் மெய்ப்பகுதி 1.5, புள்ளிகள் கோட்டிலிருந்து பிசகவில்லை.

மார்ச் 9

1 முதல் 20 வரையிலான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட கோவையில் எக்ஸ்¹⁹-இன் கெழு −210. அதிலிருந்து 0.00000012 அளவே குறைத்தால் பத்து மூலங்கள் கலப்பெண்களாகிவிடும் என்று பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் வில்கின்சன் காட்டினார். இவ்வளவு சிறிய மாற்றம் போதும் என்பதை நேற்றுவரை நான் அஞ்சியதில்லை.

மார்ச் 11

காலையில் அழைத்து, நேரில் வரச் சொன்னார்கள். கே-ஐ −2-க்குக் கீழே இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. இடப்பக்கக் கிளை வரையப்படாமல் இருக்கிறது.