இஸ்லாமியக் கல்வித் தத்துவத் தாள்: அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்

இந்தத் தேர்வுத் தாளுக்குப் படிப்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே அட்டவணைதான் இருக்கும். பழமை பேணும் பிரிவுக்கு இமாம் கஸ்ஸாலி, சமயத்தையும் பகுத்தறிவையும் இணைக்கும் பிரிவுக்கு இஃக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு, நடைமுறைப் பயன் பார்க்கும் பிரிவுக்கு இப்னு கல்தூன். முஹம்மத் ஜவாத் ரிளா என்ற அறிஞர் வகுத்தது. குறுவினாவுக்கு அது போதும். ‘ஒப்பிட்டு ஆராய்க’ என்று வந்தால் நாலு வரியில் சரக்கு தீர்ந்துவிடும்.

எனக்குக் கைகொடுத்த வழி வேறு. எதைக் கற்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளோடு மூவரிடமும் போனேன்.

கஸ்ஸாலி (1058–1111) இஹ்யா என்ற தன் பெருநூலின் முதல் நூலில் அறிவை பர்ளு ஐன் (ஒவ்வொருவருக்கும் கடமை), பர்ளு கிஃபாயா (சமூகத்தில் போதுமான சிலர் செய்தால் நிறைவேறும் கடமை) என்று பிரிக்கிறார். மருத்துவமும் கணக்கும் கிஃபாயாவில் வருகின்றன. அதோடு விடவில்லை. பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, ஆனால் எல்லோரும் ஃபிக்ஹுக்கே (மார்க்கச் சட்டம்) முண்டியடிக்கிறார்கள் என்று சாடுகிறார். ஏனாம்? மருத்துவம் படித்தால் காழி (நீதிபதி) பதவி கிடைக்காது, வக்ஃபும் அநாதைச் சொத்தும் கைக்கு வராது! பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவில் 1091 முதல் 1095 வரை பாடம் நடத்தியவர், உள்ளே இருந்து பார்த்துச் சொல்கிறார். ‘பழமைவாதி’ என்ற முத்திரையை நீங்கள் கேள்வி கேட்க இந்த ஒரு பத்தி போதும்.

பஸ்ராவின் இஃக்வானுஸ் ஸஃபாவுக்கு இரண்டு குறிப்புகள் போதும்: அவர்களுடைய 52 மடல்களில் முதலாவது எண்ணைப் பற்றியது, எந்த அறிவையும் பகைக்காதே, எந்த நூலையும் ஒதுக்காதே என்பது அவர்கள் கொள்கை.

நேரம் இருந்தால் இப்னு கல்தூனிடம் செலவிடுங்கள். 1377இல் எழுதிய முகத்திமா என்ற நூலின் ஆறாம் பகுதியில் ஊர் ஊராக ஒப்பிடுகிறார். மக்ரிபில் (வடமேற்கு ஆப்பிரிக்கா) பிள்ளைகளுக்குக் குர்ஆன் மட்டும். அந்தலூஸில் (முஸ்லிம் ஆட்சிக்கால ஸ்பெயின்) அதோடு கவிதை, இலக்கணம், எழுத்தழகு. குர்ஆனோடு நிறுத்திக்கொண்டால் மொழித்திறன் வளராது என்கிறார். முதலில் அரபும் கவிதையும், பிறகு கணக்கு, அப்புறம் குர்ஆன் என்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையைப் பாராட்டுகிறார். ஆனால் ஊர் வழக்கம் இடம் கொடுக்காது என்கிறார். அந்த ‘ஆனால்’ தான் அவரை நடைமுறைவாதி ஆக்குகிறது. விடையில் அதை எழுதுங்கள்.

கற்பிக்கும் முறைக்கும் அவரிடமே போகலாம்: பாடத்தை மூன்று சுற்றாக ஆழப்படுத்துவது, கண்டிப்பு மிஞ்சினால் பிள்ளை பொய்யும் ஏய்ப்பும் பழகும் என்பது. சுருக்க நூல்கள் கற்றலைக் கெடுக்கும் என்றும் ஒரு தலைப்பு உண்டு. நோட்ஸ் மட்டும் வைத்துப் படிப்பவர்கள் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.