கீபோர்டு ஒயரின் மறுமுனையைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டும் பாஸ்வேர்டையெல்லாம் திருடும் ஹார்டுவேர் கீலாகர் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அக்ஷயா என்கிற கேரள அரசின் இ-சேவை சென்டர்களிலும் பிரவுசிங் கடைகளிலும் சிபியு பெரும்பாலும் மேஜைக்கு அடியில், முதுகைச் சுவருக்குக் காட்டித்தான் நிற்கும். வருமானச் சான்றுக்கு வருபவர், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் கேரள பிஎஸ்சியின் 'துளசி' கணக்கைத் திறக்க வருபவர், பேங்க் வேலையாக வருபவர் என்று எல்லோருடைய பாஸ்வேர்டும் அந்த ஒரே கீபோர்டில்தான் விழுகிறது. ஆன்டிவைரஸ் ஒழுங்காக அப்டேட் ஆகியிருக்கும். சுவர்ப்பக்கம் என்ன செருகியிருக்கிறது என்று மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஹார்டுவேர் கீலாகர் என்பது கட்டைவிரல் நுனி அளவு துண்டு. ஒரு முனை யுஎஸ்பி ஆண் (பிளக்), மறுமுனை பெண் (பிளக் நுழையும் துளை). கீபோர்டு ஒயரைப் பிடுங்கி, இதை நடுவில் வைத்து, மறுபடி செருகினால் முடிந்தது. பத்து செகண்டுகூட ஆகாது. மின்சாரத்தைக் கம்ப்யூட்டரிடமே எடுத்துக்கொண்டு, அழுத்தும் ஒவ்வொரு கீயையும் தன் ஃபிளாஷ் மெமரியில் எழுதும். கம்ப்யூட்டருக்குள் எந்தப் புரோகிராமையும் போடுவதில்லை என்பதால் ஆன்டிவைரஸுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. மாட்டியிருக்கும் கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரிலும் பல சமயம் வெறும் கீபோர்டு மட்டும்தான் தெரியும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே கேட்கிற பயாஸ் பாஸ்வேர்டும், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் பின் நம்பரும்கூட இதில் பதிவாகும்.

சாதாரண வகையை வைத்தவன் எடுக்கத் திரும்பி வந்தாக வேண்டும். வைஃபை வகைக்கு அது தேவையில்லை, வாசலில் பைக்கை நிறுத்தினாலே போதும். 2011-இல் இங்கிலாந்தின் செஷயரில் பொது நூலகக் கம்ப்யூட்டர்களின் பின்புறத்தில் இப்படிச் செருகி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் இடம்தான் இதற்கு வசதி.

சோதிப்பது எளிது. சிஸ்டத்தை ஷட்டவுன் செய்துவிட்டு, கீபோர்டிலிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே சிபியு வரை போங்கள். பிளக் நேராகப் போர்ட்டுக்குள் போக வேண்டும். நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. சில ஒயர்களில் பிளக்குக்குச் சற்று முன்னால் உருளையாக ஒரு புடைப்பு இருக்கும். அது ஃபெரைட், மின் இரைச்சலைத் தடுக்கும் துண்டு, ஒயரோடு சேர்த்தே வார்த்தது, கழற்ற வராது. அதைப் பார்த்துப் பயந்து வெட்டிவிட வேண்டாம். பழைய பிஎஸ்2 (உருண்டை பிளக்) கீபோர்டை யுஎஸ்பியில் மாட்டும் கன்வெர்ட்டர் இருந்தால், அதை யார், எப்போது மாட்டியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கழற்றி வையுங்கள்.

கீபோர்டுக்குள்ளேயே வைக்கும் வகையும் உண்டு. மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்தின் ஐபிஎம் டைப்ரைட்டர்களுக்குள் சோவியத் உளவாளிகள் ஒளித்து வைத்திருந்த கருவியை 1984-இல் எக்ஸ்ரே எடுத்துத்தான் பிடித்தார்கள். நமக்கு எக்ஸ்ரே வேண்டாம். ஸ்க்ரூ தலையில் புதுக் கீறல் இருக்கிறதா, அதே மாடல் இன்னொரு கீபோர்டோடு எடை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். சந்தேகமா, புதுக் கீபோர்டு வாங்கிவிடுங்கள். நூற்றுக்கணக்கில்தான் விலை.

சிபியுவின் முன்பக்கப் போர்ட்டில் மாட்டினால் கண்ணுக்குத் தெரியுமே என்று தோன்றும். ஆனால் முன்பக்கப் போர்ட் கேபினெட்டுக்குள் ஓடும் கேபிள் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. மூடியைத் திறந்தால் நடுவில் செருக அங்கேயும் இடமுண்டு. பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. அதனால் என் ஓட்டு, பின்போர்ட்டில் மாட்டி, சிபியுவின் முதுகை ஆபரேட்டர் பக்கம் திருப்பி வைப்பதற்கு. பிளக்கும் போர்ட்டும் சேரும் இடத்தில் மினுக்குத்தூள் கலந்த நெயில்பாலிஷ் ஒரு பொட்டு, கேபினெட் மூடி ஸ்க்ரூவில் இன்னொரு பொட்டு. இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் கடை திறக்கும்போது ஒப்பிடுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் பொட்டு உடையும். தூள் சிதறியிருக்கும் விதத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. ஸ்டிக்கர் ஒட்டலாம்தான், ஆனால் பாலக்காட்டு மீனமாச (பங்குனி) வெயிலில் பசை இளகி, யாரும் தொடாமலேயே உரிந்து தொங்கும். எம்சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. கீபோர்டு கெட்டுப்போகும் அன்று போர்ட்டும் சேர்ந்து போகும்.

வயர்லெஸ் கீபோர்டு இதற்கு மருந்தல்ல. மலிவான பல மாடல்கள் அழுத்தும் கீகளை ரகசியக் குறியீடாக மாற்றாமல் அப்படியே காற்றில் அனுப்புவதை 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வாடிக்கையாளராக இருந்தால், பேங்க் பாஸ்வேர்டை அங்கே தட்டவே வேண்டாம். சொந்தப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பாஸ்வேர்டின் பின்பாதியை முதலில் அடித்து, மவுஸால் கட்டத்தின் தொடக்கத்தில் கிளிக் செய்து, முன்பாதியை அடியுங்கள். மவுஸ் கிளிக் இதில் பதிவாகாது, கீலாகரின் பதிவில் பாதிகள் இடம் மாறிக் கிடக்கும். பொறுமையாகக் கோத்துப் பார்ப்பவனிடம் இது நிற்காது. ஓடிபி பதிவானாலும் சில நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஆகாது.

செருகியிருப்பதைக் கண்டுவிட்டால் உடனே பிடுங்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, சிஸ்டத்தை நிறுத்தி, கையுறையோடு கழற்றிக் காகிதக் கவரில் போடுங்கள். கரண்ட் போனாலும் அதில் பதிந்தது அழியாது. உள்ளே என்ன இருக்கிறதென்று இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் ஆர்வம் மட்டும் வேண்டாம், சாட்சியம் கெட்டுவிடும். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றி, எல்லா லாகினையும் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். மற்றவற்றுக்கு சைபர் போலீஸ். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. புகார் எழுதும் முன்பே சிசிடிவி பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் கேமராப் படத்தைப் பதியும் டிவிஆர் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.